தாத்தாவின் போர்க்கால வான்படங்கள்: ஓரத்தை வெட்டிவிட்டார்கள், இனி என்ன செய்யலாம்?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது உதவி கேட்டு வந்திருக்கிறேன்.

அம்மாவின் அப்பா இரண்டாம் உலகப் போரில் இந்திய விமானப் படையின் 6ஆம் ஸ்குவாட்ரனில் இருந்தவர். விமானி இல்லை, போட்டோ பிரிவு. ஹரிகேன் விமானம் தரை இறங்கியதும் ஓடிப்போய் கேமராவிலிருந்து ஃபிலிம் மேகசினைக் கழற்றிவந்து, கூடாரத்து இருட்டறையில் கழுவி, பிரின்ட் போட்டுக் கொடுக்கிற வேலை. பர்மாவில் அரக்கான் முனையில் இருந்தார். அங்கே சண்டையிட்ட பிரிட்டிஷ் தரப்புப் படைக்குப் பதினாலாம் சேனை என்று பெயர். அந்த ஸ்குவாட்ரனைப் 'பதினாலாம் சேனையின் கண்கள்' என்பார்களாம். தலைவர் மெஹர் சிங். அந்தப் போரில் டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது வாங்கிய ஒரே இந்திய விமானப் படை அதிகாரி அவர். அவர் பேச்சை எடுத்தாலே தாத்தா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். நின்றுகொண்டுதான் சொல்வார்.

தாத்தா விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் 41 படங்கள் இருந்தன. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய சதுரங்கள். ஆறு, வயல், காடு, ஒற்றையடிப் பாதை, எல்லாம் மேலிருந்து எடுத்தவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பட்டையாக ஒரு வரி, அதில் கையால் எழுதிய எண்களும் எழுத்துகளும்.

போன மாதம் ஊரில் ஒரு ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்து ஆல்பம் போடக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது 41 படத்திலும் ஓரம் இல்லை. ஆல்பப் பக்கத்துக்குள் அடங்கவேண்டும் என்று கட்டரில் வைத்து வெட்டியிருக்கிறார்கள். "ஓரத்துல கிறுக்கலா இருந்துச்சு சார், அதான் நீட்டா எடுத்துட்டோம்" என்றார் கடைப் பையன். வெட்டிய பட்டைகள் அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டன. ஸ்கேன் எடுத்ததும் வெட்டிய பிறகுதான். அந்தப் பையனைத் திட்ட மனம் வரவில்லை. பட்டையில் என்ன எழுதியிருந்தது என்று பெட்டி கைக்கு வந்த இத்தனை வருஷத்தில் நானும் ஒரு தடவை படித்துப் பார்க்கவில்லையே. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இனி இந்தப் படங்கள் எந்த இடம் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இருட்டறை

தம்பி, படித்ததும் வயிற்றில் கல் விழுந்த மாதிரி இருந்தது. முப்பது வருஷம் பழைய படங்களைப் பேணுகிற வேலையில் இருந்தவன் நான். முதலில் உடனே செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

அந்த ஆல்பம் பிசின் தடவிய அட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள வகையா? ஆமென்றால் படங்கள் அதில் இருக்கக் கூடாது. பிசின் வருஷம் போகப்போக இறுகும். கையால் பிய்த்து எடுக்காதீர்கள். பல் இடுக்கு சுத்தம் பண்ணுகிற நூல் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். படத்துக்கும் அட்டைக்கும் நடுவே அதை விட்டு, ரம்பம் போல மெல்ல இழுங்கள். வராத படத்தை அப்படியே விட்டுவிட்டுச் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம். எடுத்ததும் ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். பென்சில் எழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், எது இருந்தாலும் போட்டோ எடுத்து வையுங்கள். பெட்டியில் ஃபிலிம் சுருள் ஏதும் கிடந்து, புளித்த காடி வாடை வந்தால் அதை மட்டும் தனியே வையுங்கள். அசிட்டேட் ஃபிலிம் கெட ஆரம்பித்தால் அந்த வாடைதான் முதல் அறிகுறி, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

இப்போது பட்டைக்கு வருகிறேன். உங்கள் மனம் நோகும் என்று தெரிந்தே சொல்கிறேன், மற்றவர்களாவது தெரிந்துகொள்ளட்டும். அந்தப் பட்டைதான் வான்படத்தின் ஜாதகம். பிரிட்டிஷ் விமானப் படை வழக்கப்படி அதில் படத்தின் வரிசை எண், எந்தப் பிரிவு, எத்தனையாவது பறப்பு, தேதி, லென்ஸின் குவியத் தூரம், பறந்த உயரம் எல்லாம் இருக்கும். உலகத்தின் பெரிய வான்படக் காப்பகங்கள் எல்லாமே அந்த ஒரு வரியின்மேல்தான் நிற்கின்றன. எடின்பரோவில் உள்ள தேசிய வான்படத் தொகுப்பில் 3 கோடிக்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. இங்கிலாந்தில் மெட்மென்ஹாம் என்ற இடத்தில் போர்க்காலத்தில் படம் படித்தவர்கள், அதாவது வான்படத்தை ஆராய்ந்து அதில் என்ன இருக்கிறது என்று சொன்னவர்கள், கையாண்ட பிரின்ட்களும் கீல் பல்கலைக்கழகத்தில் பல காலம் இருந்து, 2008இல் எடின்பரோவுக்குத்தான் போய்ச் சேர்ந்தன. அவ்வளவையும் ஒருத்தர் கண்ணால் பார்த்துத் தேட ஆயுசு போதாது. பறப்பு எண், தேதி, அந்த விமானம் போன தடத்தைக் குறித்த வரைபடம், இந்த மூன்றையும் வைத்துத்தான் பெட்டியைத் திறப்பார்கள். பட்டை போன படம் என்பது, எழுத்து பொரிந்துபோன கல்வெட்டு.

கல் இருக்கிறதே, அதனால் கைவிட வேண்டாம்.

---

நிலஅளவையர்

ஓய்வுபெற்ற சர்வேயர். இருட்டறை ஐயா சொன்னதற்கு மேல் ஒரு கணக்கு.

லென்ஸின் குவியத் தூரத்தைப் பறந்த உயரத்தால் வகுத்தால் படத்தின் அளவை வந்துவிடும். 36 அங்குல லென்ஸ் என்றால் 3 அடி. 30,000 அடி உயரத்தில் பறந்தால் 3க்கு 30,000. அதாவது படத்தில் 1 செ.மீ. தரையில் 100 மீட்டர். பட்டையில் அந்த இரண்டு எண்ணையும் எழுதிவைத்தது இதற்காகத்தான். பாலம் எத்தனை மீட்டர், கப்பல் எத்தனை மீட்டர் என்று அடிக்கோல் வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

பட்டை போனாலும் அளவையைத் திரும்ப வாங்கலாம். படத்தில் இரண்டு புள்ளிகள் வேண்டும், அவை இன்றைய செயற்கைக்கோள் படத்திலும் இருக்கவேண்டும். ஆற்றின் வளைவை நம்பாதீர்கள். 80 வருஷத்தில் ஆறு எங்கேயோ போயிருக்கும். வயல் வரப்பும் மாறியிருக்கும். மலைமுகடு மாறாது. முகட்டிலிருந்து இறங்கும் ஓடைகள் ஒன்றுசேரும் புள்ளியும் பெரும்பாலும் மாறாது.

இன்னொன்று, படத்தைப் பார்க்கும்போது நிழல் உங்களை நோக்கி விழும்படி திருப்பி வைத்துப் பாருங்கள். மாற்றி வைத்தால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரியும். பல பேர் இதில் ஏமாந்திருக்கிறார்கள். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஏறத்தாழ 60 சதவீதம் ஒரே நிலம் வரும்படி எடுப்பது வழக்கம். அப்படி ஒரு ஜோடி கிடைத்தால் ஸ்டீரியோஸ்கோப்பில் வையுங்கள், இரண்டு கண்ணுக்கும் ஒவ்வொரு படத்தைக் காட்டுகிற கண்ணாடிக் கருவி அது. நிலம் எழுந்து நிற்கும். முதல்முறை பார்க்கிறபோது கை தானாகவே தொட்டுப்பார்க்கப் போகும்.

---

கேள்விக்குறி

தொடங்கியவரின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தப் படங்கள் எதற்கு எடுக்கப்பட்டன? எங்கே குண்டு போடலாம், போட்ட குண்டு சரியாக விழுந்ததா என்று பார்க்க. படத்தில் தெரியும் வயலும் குடிசையும் யாரோ ஒருவருடைய ஊர். மேலேயிருந்து பார்த்தவர்களுக்கு அந்த ஊருக்குப் பெயர்கூட வேண்டியிருந்திருக்காது. அப்படிப்பட்ட ஒன்றைப் பொக்கிஷம் போலப் பட்டுத்துணியில் சுற்றி வைப்பது எனக்கு ஒப்பவில்லை. போரை அழகாகப் பார்க்கிற பழக்கம் நமக்கு இப்படித்தான் வருகிறதோ என்று தோன்றுகிறது.

---

கல்வெட்டுப்பித்தன்

கேள்விக்குறி நண்பருக்கு.

எடுத்தவன் நோக்கத்தோடு படம் நின்றுவிடுவதில்லை. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், லெப்டினன்ட் கர்னல் பீஸ்லி என்ற ராணுவப் பொறியாளர் டைகிரிஸ் கரையில் சாமர்ராவுக்குப் பக்கத்தில் வரைபட வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் நடந்தால் வெறும் மண்மேடுகள். மேலிருந்து எடுத்த படத்தில் தெருவும் வீதியும் வாய்க்காலுமாக ஒரு பழைய மாநகரமே விரிந்து கிடந்தது. அதை 1919இல் கட்டுரையாக எழுதினார். பாலஸ்தீனத்தில் பறந்த பவேரிய விமானப் பிரிவு 304 எடுத்த படங்களில் 2,662 மியூனிக்கில் உள்ள போர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குஸ்டாஃப் டால்மன் ஜெர்மன் விமானிகளின் பாலஸ்தீனப் படங்களிலிருந்து நூற்றைப் பொறுக்கி 1925இலேயே புத்தகமாகப் போட்டார். ஜெருசலேமும் அதைச் சுற்றிய ஊர்களும் நூறாண்டுக்கு முன் எப்படி இருந்தன என்று பார்க்க இன்றைக்கும் ஆய்வாளர்கள் போவது அந்தப் படங்களிடம்தான்.

இந்தியர்கள் சம்பந்தப்பட்ட ஒன்றும் சொல்கிறேன். 1915 மார்ச் 10, பிரான்சில் நவ் ஷப்பல் சண்டை. பிரிட்டிஷ் தரப்பு எதிரியின் பதுங்குகுழி வலையை முழுக்க வான்படத்திலிருந்து வரைந்து, அந்த வரைபடத்தைக் கையில் கொடுத்துப் படையை அனுப்பிய முதல் தாக்குதல் அதுதான். அனுப்பப்பட்டவர்களில் இந்தியப் படையினர் பெருந்திரள். அந்த ஊர் நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்கள் உள்ளன. மேற்கு முனையில் மாண்டு, கல்லறை என்று ஒன்று இல்லாமல் போனவர்கள் அவர்கள். அந்த வான்படங்களை எறிந்துவிட்டால், நம் ஆட்கள் எந்தக் குழியை நோக்கி ஓடினார்கள் என்பதை எதைப் பார்த்துச் சொல்வது?

---

கேள்விக்குறி

சாமர்ரா எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் இடிபாட்டைக் கண்டுபிடித்தது வேறு, உயிரோடு இருந்த மனிதர்களைக் கண்டது வேறு. பார்த்தவர்கள் மனிதர்களைப் பார்த்தார்களா என்பதே என் கேள்வி.

---

இருட்டறை

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அதற்கு ஒரே ஒரு தொகுப்பைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1944 ஏப்ரல் 4. தென்னாப்பிரிக்க விமானப் படையின் 60ஆம் ஸ்குவாட்ரன் மொஸ்கிட்டோ விமானம் ஒன்று இத்தாலியிலிருந்து கிளம்பி போலந்துக்குப் போனது. எடுக்கவேண்டியது மோனோவிட்ஸில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் கட்டிக்கொண்டிருந்த செயற்கை ரப்பர், செயற்கை எண்ணெய்த் தொழிற்சாலை. இந்த மாதிரிப் பறப்பில் இலக்குக்குச் சற்று முன்னாலேயே கேமராவை ஓடவிட்டு, தாண்டிய பிறகுதான் நிறுத்துவார்கள். தொழிற்சாலைக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, நாஜிகள் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற ஆஷ்விட்ஸ் முகாம். ஓடிக்கொண்டிருந்த கேமராவில் அதுவும் பதிந்தது. அந்தக் கோடையிலும் ஆகஸ்ட், செப்டம்பரிலும் திரும்பத் திரும்பப் பதிந்தது.

படங்கள் வந்ததும் படிப்பவர்கள் மேசையில் ஏறின. அவர்களிடம் கேட்கப்பட்டது தொழிற்சாலையைப் பற்றி. கொதிகலன் எத்தனை, கட்டட வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது, இவ்வளவுதான். அதைச் சரியாக எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த சட்டகத்தில் இருந்ததை முகாம் என்று கடந்துபோனார்கள். ஃபிலிம் டப்பாவுக்குள் போனது.

முப்பத்து நாலு வருஷம் கழித்து, 1978இல், அமெரிக்க உளவுத் துறையில் படம் படிக்கிற வேலையிலிருந்த டினோ புரூஜியோனி, ராபர்ட் பொய்ரியர் என்ற இருவர் அந்த டப்பாக்களை வரவழைத்தார்கள். எப்படிக் கேட்டு வாங்கினார்கள் தெரியுமா? மோனோவிட்ஸ் தொழிற்சாலை இலக்காகப் பதிவாகியிருந்தது. இடம், தேதி, பறப்பு எண், இந்த வழியில் போனார்கள். 'ஆஷ்விட்ஸ்' என்று தேடியிருந்தால் ஒன்றும் வந்திருக்காது, ஏனென்றால் அந்தப் பெயரில் யாரும் அட்டவணை போட்டு வைக்கவில்லை. 1944 ஆகஸ்ட் 25 அன்று எடுத்த படத்தைப் பெரிதாக்கியபோது தண்டவாளத்தில் ரயில்பெட்டிகள் நின்றன. அங்கிருந்து பிணம் எரிக்கும் கூடத்தின் வாசலை நோக்கி ஒரு வரிசை. சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகச் சேர்ந்த ஒரு கோடு. அது மனிதர்கள். 1979இல் அறிக்கையாக வெளியிட்டார்கள்.

அன்று மேசையில் இருந்தவர்கள் அந்தக் கோட்டைக் காணவில்லை. நீங்கள் சொல்வது அதுதானே? ஒத்துக்கொள்கிறேன், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த ஃபிலிமை யாரோ ஒரு குமாஸ்தா பட்டையோடு, எண்ணோடு, டப்பாவில் போட்டு வைத்தார். கேட்டவர்களுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மீதியைக் கழித்துக்கட்டியிருந்தால் அந்த வரிசை நம் கண்ணுக்கு வந்தேயிருக்காது. கூடாரத்து இருட்டறையில் தம்பியின் தாத்தா பட்டையில் எண் எழுதினாரே, அதுவும் அதே வேலைதான். நான் பட்டைக்காகப் புலம்புவது அதனால்தான்.

---

ஸ்ப்ரேக்கரை

பெர்லின் பக்கம் கட்டுமானத் தளங்களில் வேலை செய்கிறேன். எனக்கு இந்தப் படங்கள் அன்றாடம். ஜெர்மனியின் பல இடங்களில் குழி தோண்டும் முன், அந்த மனை போர்க்கால வான்படத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்த்துச் சான்று வாங்கவேண்டும். அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்ட பிறகு சேதம் பார்க்க எடுத்த அதே படங்கள்தான். வெடித்த குண்டு பெரிய வட்டப் பள்ளமாகத் தெரியும். வெடிக்காதது சின்னதாக ஒரு துளை போட்டுவிட்டு உள்ளே போயிருக்கும். ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. அதைத்தான் தேடுவார்கள்.

எங்களுக்கு வடக்கே ஓரானியன்பர்க் என்று ஒரு ஊர். 1945 மார்ச் 15 அன்று 600க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் சுமார் 1,500 டன் குண்டு போட்டன. நிறைய குண்டுகளில், விழுந்து நேரம் கழித்து வெடிக்கவைக்கிற தாமதப் பொறி. உள்ளே அசிட்டோன் குப்பி உடைந்து, திரவம் செல்லுலாய்டு தகட்டைக் கரைத்ததும் ஊசி விடுபட்டு வெடிக்கவேண்டும். அந்த ஊர் மண் மணற்பாங்கு. குண்டு உள்ளே போய் மூக்கு மேலே பார்க்கத் திரும்பி நின்றுவிட்டால் அசிட்டோன் தகட்டில் படாமல் வேறு பக்கம் வடிந்துவிடும். தகடு இன்னும் இருக்கும், வருஷா வருஷம் இளகும். இப்போதும் அங்கே ஊரையே காலி செய்து எடுக்கிறார்கள். ஒருமுறை என் தளத்திலிருந்து 300 மீட்டரில் எடுத்தார்கள். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு, வெடித்துவிட்டதா எடுத்துவிட்டார்களா என்று தெரியாமல் ஆறு மணி நேரம் ஒரு விளையாட்டு அரங்கில் உட்கார்ந்திருந்தோம்.

கேள்விக்குறி அண்ணா, குண்டு போட எடுத்த படம்தான் இன்று குண்டு எடுக்க வழி காட்டுகிறது. எறிந்திருந்தால் என் மகள் நடக்கிற தெருவில் எங்கே என்ன கிடக்கிறது என்று தெரியாது.

---

மட்டுவாவி

நான் மட்டக்களப்பில இருந்து எழுதுறன். இந்தப் பக்கத்துக் கதையும் ஒண்டு இருக்கு.

1942 ஏப்ரல் 9. திருகோணமலையில யப்பான் விமானங்கள் குண்டு போட்ட அதே நாள், எங்கட கரைக்கு அங்கால ஹெர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலைத் தாட்டவை. 307 பேர் செத்தவை. அந்தக் கப்பலில அண்டைக்கு ஒரு விமானமும் இருக்கேல்லை. அது தாழுறதை யப்பான் விமானத்தில இருந்தே படம் எடுத்திருக்கினம். உலகம் முழுக்க ஹெர்மிஸ் எண்டு சொன்னா அந்தப் படம்தான் வரும்: ஒரு பக்கம் சரிஞ்சு, புகையோட, சுத்திவர வெறும் கடல்.

என்ர அப்பப்பா கரையில நிண்டு புகையைக் கண்டவராம். பிறகு தப்பி வந்தவையைக் கரையில கண்டதையும் சொல்லுவார். அவற்ற பக்கத்தில இருந்து ஒரு படமும் இல்லை. கரையில ஆரிட்ட கமரா இருந்தது? அந்தச் சண்டையின்ர முகமா நிண்டது அடிச்சவன் எடுத்த படம். அதுவும் இல்லாட்டி அப்பப்பா சொன்னது கட்டுக்கதை எண்டுதான் பேரப்பிள்ளையள் நினைச்சிருப்பம். நான் அந்தப் படத்தை அவருக்குக் காட்டினனான். கனநேரம் பாத்திட்டு, "இதில கரை இல்லையே மோனே" எண்டார்.

---

தோட்டத்துப்பிள்ளை

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். மட்டுவாவி சொன்ன "கரை இல்லையே" என்பதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை.

எங்கள் தாத்தாவின் அண்ணன் கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1943இல் ஜப்பான்காரன் மூன்று மாத வேலை என்று கூட்டிப்போனான். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு. திரும்பவில்லை. பாட்டி சொல்வது இவ்வளவுதான்: அதே லயத்திலிருந்து போய்த் திரும்பிவந்த ஒருத்தர், "நீக்கே பக்கம், வாந்திபேதி" என்றாராம்.

415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபர் 17இல் இரண்டு முனையும் சேர்ந்தது. வேலை செய்த போர்க்கைதிகள் 60,000க்கும் மேல், இறந்தவர்கள் 12,000க்கும் மேல். அவர்களுக்குத் தாய்லாந்தில் காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் உண்டு, கல்லில் பெயர் உண்டு. நான் போய் நின்றிருக்கிறேன். ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்ச் சனம். எங்கள் பெரிய தாத்தாவுக்குப் பெயர் எழுதிய கல் இல்லை, படம் இல்லை, ஒரு காகிதம் இல்லை.

விமானத்திலிருந்து அந்தப் பாதையைப் படம் எடுத்தார்கள் அல்லவா? அதில் கூலி முகாம்கள் இருக்குமா? அத்தாப்புக் கூரை, ஓலைக் கூரை, அது மட்டும் தெரிந்தாலும் போதும். காப்பக இணையப் பட்டியல்களில் 'கூலி லயம்', 'தமிழர்' என்றெல்லாம் தேடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

---

நிலஅளவையர்

தோட்டத்துப்பிள்ளை ஐயா, அந்தச் சொற்களால் தேடினால் வராது. இருட்டறை ஐயா ஆஷ்விட்ஸ் பற்றிச் சொன்னாரே, அதே கதை. எடுத்தவர்கள் வைத்த பெயர் பாலம், நிலையம், பக்கத் தண்டவாளம். அந்தப் பெயரில்தான் பெட்டி இருக்கும். வங்காளத்திலிருந்து பறந்த 684ஆம் ஸ்குவாட்ரன் மொஸ்கிட்டோக்கள் பர்மா, சயாம் மேலெல்லாம் படம் எடுத்தன. நீங்கள் ஊர்ப் பெயரை விடுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையால் ஒரு கட்டம் போட்டு, 1943 மே முதல் 1945 ஆகஸ்ட் வரை அந்தக் கட்டத்தின்மேல் எந்தப் பறப்பு போயிருக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வில்லியம்ஸ்-ஹன்ட் என்று ஒரு மேஜர், போர்க்காலத்தில் படம் படித்தவர். சயாமின் கிழக்குப் பகுதிமேல் பிரிட்டிஷ் விமானப் படை எடுத்த படங்களை வைத்துக்கொண்டு, அகழி சூழ்ந்த பழங்கால ஊர்களை வரிசையாகக் கண்டுபிடித்து 1950இல் எழுதினார். அவர் சேர்த்த ஆயிரக்கணக்கான பிரின்ட்கள் காப்பகத்துக்குப் போயின. அதே விமானங்கள், அதே கேமராக்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அகழியை ஒரு மனிதர் உட்கார்ந்து தேடியதால் அது கிடைத்தது. நம் ஆட்களின் கூரையையும் ஒருவர் உட்கார்ந்து தேடவேண்டும். கூரையைப் பார்த்து இது கைதி முகாம், இது கூலி முகாம் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் கைதிகள் எழுதிய நாட்குறிப்புகளிலும் வரைந்த படங்களிலும் எந்த ஓடைக்கு எந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்று வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

---

வைகைக்கரை

பத்து நாளாகப் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும்.

இருட்டறை ஐயா சொன்னபடி நூல் விட்டு 41 படத்தையும் எடுத்துவிட்டேன். இரண்டில் மட்டும் மூலை லேசாக உரிந்தது. 38 படங்களின் பின்னால், இடது கீழ்மூலையில், பென்சிலில் சின்னதாக எண் இருக்கிறது! தாத்தாவின் கை. 7 போடும்போது நடுவில் ஒரு கோடு போடுவார், அதே கோடு. வரிசைப்படி தரையில் பரப்பினேன். 22, 23, 24 ஒன்றோடொன்று சேர்கின்றன. அந்த ஆறு மூன்றிலும் தொடர்ந்து ஓடுகிறது.

அம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பூஜை ரூமில் இருக்கிற முருகன் படத்துக்குச் சட்டம் போட்டது தாத்தாதான். பின்னால் அட்டை எதுவும் கிடைக்காமல் போட்டோ ஒன்றை வைத்து அடைத்தார்" என்றார். ஆணியைக் கழற்றினோம். இருந்தது. 42ஆவது படம். யாரும் வெட்டாதது. ஓரப் பட்டை முழுசாக இருக்கிறது.

பட்டையில் இருப்பதைத் தமிழில் எழுதுகிறேன்: 31. பிறகு 6. பிறகு 9 பிப்ரவரி 44. பிறகு எஃப் 20. கடைசியில் 10,000.

இனி சொல்லப்போவதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. படத்தின் நடுவில், ஓடைக்குப் பக்கத்தில், ஏழெட்டு சின்னச் சதுரங்கள். பின்பக்கம் வெளிச்சத்தில் பிடித்தால், சரியாக அந்த இடத்துக்கு நேராக, பென்சிலில் ஒரு வட்டம். வட்டத்துக்குக் கீழே தமிழில் எழுதியிருக்கிறார்: "ஊர். சனம் இருக்கு."

அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவுக்கும் தெரியாது.

---

கேள்விக்குறி

வைகைக்கரை, நான் முதலில் எழுதியதை நீங்கள் உங்கள் தாத்தாவைச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருந்தால் மன்னித்துவிடுங்கள். அவர் பார்த்திருக்கிறார்.

அந்தப் படத்தை மட்டும் திரும்பச் சட்டத்துக்குள் வைக்காதீர்கள்.

---

இருட்டறை

20 அங்குலம், 10,000 அடி. அளவை 6,000க்கு ஒன்று. எஃப் 24 கேமராவின் 5 அங்குலச் சதுரம் என்றால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 760 மீட்டர் நிலம். நிலஅளவையர் ஐயா சரிபார்த்துக்கொள்ளட்டும்.

1944 பிப்ரவரி 9 என்றால், அரக்கானில் சின்ஸ்வேயாவில் நம் தரப்பின் நிர்வாகப் பாசறையை ஜப்பானியர் சுற்றிவளைத்திருந்த நாட்கள். பிப்ரவரி 5 வாக்கில் தொடங்கி மூன்று வாரம் போனது. 6ஆம் ஸ்குவாட்ரனுக்கு ஓய்வே இருந்திருக்காது.

இப்போது 31ஐ ஆதாரமாக வைத்து, பென்சில் எண் 30ம் 32ம் உள்ள படங்களைப் பக்கத்தில் வையுங்கள். நிலம் ஒட்டினால் அவையும் அதே பறப்பு. அப்படியே ஒவ்வொன்றாகச் சங்கிலி போடலாம். போன பட்டைகளில் பாதியாவது திரும்பி வந்த மாதிரி ஆகும். எதையும் படத்தின்மேல் எழுதாதீர்கள். தனித்தாளில், "பட்டை வெட்டப்பட்டது, பென்சில் எண்ணைக் கொண்டு கணித்தது" என்று காரணத்தோடு எழுதி, பாலியெஸ்டர் உறையில் படத்தையும் தாளையும் தனித்தனியாகப் போடுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் விளிம்பு முழுசாகத் தெரியும்படி ஸ்கேன் செய்யுங்கள்.

எங்கே கொடுப்பது என்று யாராவது கேட்பார்கள், அதற்கும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அசல் உங்கள் வீட்டில் இருக்கலாம், நல்ல ஸ்கேன் இரண்டு காப்பகங்களுக்காவது போகவேண்டும். இந்தியாவில் வான்படம் என்றாலே நெடுங்காலம் பாதுகாப்பு அமைச்சகத்தின் பூட்டுக்குள் இருந்தது. அதனால் நம் மக்கள் கையில் இப்படிப் படங்கள் இருப்பது அபூர்வம். தமிழில் குறிப்பு எழுதிய போர்க்கால வான்படத்தை என் வேலைக்காலம் முழுக்க ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

---

நிலஅளவையர்

கணக்கு சரி. 762 மீட்டர். 22, 23, 24ஐ எனக்கு அனுப்புங்கள் தம்பி. அரக்கானில் புத்திடாங் ஊர்ப் பக்கத்து மலைமுகடுகளோடு வைத்துப் பார்க்கிறேன். ஆறு கலாபான்சினாக இருக்கலாம் என்று தோன்றுகிறது, பார்க்காமல் சொல்லமாட்டேன்.

---

தோட்டத்துப்பிள்ளை

வைகைக்கரை தம்பி, உங்கள் தாத்தா படம் சயாம் இல்லை, பரவாயில்லை. அந்த மூன்று சொல்லை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

நிலஅளவையர் ஐயா சொன்ன மாதிரி நீக்கேயைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் போட்டு, தேதி வரம்போடு, இரண்டு காப்பகங்களுக்குக் கடிதம் தயார் செய்திருக்கிறேன். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குடும்ப ஆய்வு என்று மட்டும் போட்டால் போதுமா? பெரிய தாத்தா பெயர், தோட்டத்தின் பெயர், கூட்டிப்போன வருஷம் எல்லாம் எழுதவேண்டுமா?

---

இருட்டறை

எல்லாவற்றையும் எழுதுங்கள் ஐயா. அவர் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள், அவர்கள் எழுத்திலும் எழுதுங்கள். அப்பா பெயர், தோட்டம், பாட்டி சொன்ன வார்த்தை, அதைச் சொன்னவர் யார் என்பது வரை. படம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் காப்பகத்துக்கு வரும் கடிதத்தைக் கோப்பில் போட்டு எண் கொடுப்பார்கள். அந்த எண்ணை வாங்கி இங்கே போடுங்கள்.